கப்பற் பயணமும் உடைத் தூய்மையும்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது தமிழர் நாவிற் பழகிய பழமொழி. கந்தை வறுமையைக் குறிக்கும். கசக்குதலோ அவ்வறுமைக்கும் பணியாத மானத்தைக் குறிக்கும். உடையின் விலை உடையவரது செல்வத்தைப் பொறுத்தது. அதன் தூய்மை அவரது பழக்கத்தைப் பொறுத்தது. வீட்டில் இருக்கும்போது இப்பழக்கத்தைக் காப்பது எளிது. கிணறும் துவைகல்லும் கொடியும் வெயிலும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. நாற்புறமும் கடல் சூழ, ஒரு சிறிய அறைக்குள் ஏழெட்டு நாள் வாழ நேரும்போது அதே பழக்கத்தைக் காப்பது எவ்வாறு என்பது சிந்திக்கத் தக்கது.

இக்கேள்வி வன்னி நாட்டவருக்கு அயலானதெனத் தோன்றலாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் விசுவமடு என்னும் ஊர் உள்ளது. மடு என்பது நீர் ஆழ்ந்து நிற்கும் இடத்திற்குப் பெயர். குளமும் ஆறும் மடுவும் ஊர்ப்பெயர்களாக விளங்கும் நாட்டில், நீரின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. 1960களில் இளைஞர் குடியேற்றத் திட்டத்தின் வாயிலாக இங்கு வந்தவர்கள் காடு திருத்தி, நீர் இறைத்து, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். 1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், அம்மிளகாய் நல்ல விலை பெற்றது. தோட்டத்திலிருந்து மீள்பவரின் சாரத்திலும் சட்டையிலும் செம்புழுதி படிந்திருக்கும். அதனைக் கிணற்றடியில் தோய்த்து, வேலிக்கு அப்பால் வெயிலிற் காயவிட்டு, சிரட்டைக் கரி இட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி, மறுநாட் காலை கோயிலுக்கு வெள்ளையாக உடுத்துச் செல்வது அவ்வூரார் வழக்கமாயிருந்தது.

அத்தகைய ஊர்களிலிருந்தும் இன்று முதியோர் கப்பலேறுகின்றனர். கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் பிள்ளைகள் பெற்றோரை அழைப்பித்து, விடுமுறைக் காலத்தில் உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்லுதல் இக்காலத்தில் அரிதன்று. கப்பல் நம் கரைக்கும் அண்மையில் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை தொடங்கப்பட்டது. பின்னது சில மணி நேரப் பயணமே. முன்னதோ கப்பலையே விடுதியாகக் கொண்டு பல நாள் தங்கும் பயணமாகும்.

இன்பத்தின் பொருட்டே கடலிற் செல்லும் வழக்கம் மிகப் பழையதன்று. 1844ஆம் ஆண்டில் பீ அன்ட் ஓ என்னும் ஆங்கிலக் கப்பற் கழகம் மத்தியதரைக் கடலில் இத்தகைய பயணங்களைத் தொடங்கியது. அக்கழகத்திற்காக 1858ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ஒரு கப்பலின் பெயர் 'சிலோன்' என்பதாகும். அக்கப்பல் 1881ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்திற்குக் கைமாறி, உல்லாசக் கப்பலாக மாற்றப்பட்டு, உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. உல்லாசப் பயணத்திற்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பல், செருமனியில் 1900ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட 'பிரின்செசின் விக்டோரியா லூயிசே' என்பர். கடலோடிகளின் மொழியில் நம் பக்கத்துச் சொல்லொன்றும் கலந்துள்ளது. பிரித்தானியக் கடற்படையினர் துணி வெளுத்தலை இன்றும் 'டோபி' என்னும் சொல்லாலேயே வழங்குகின்றனர்.

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் இத்தகைய பயணத்திற்கு ஆயத்தமாவதாக எண்ணிப் பார்க்கலாம். அவர் பெட்டியில் முதலில் வைக்க நினைப்பவற்றுள் ஸ்திரிக்கைப் பெட்டியும் ஒன்று. மகனுடைய நண்பர்கள் முன்னும், பெருங் கப்பலின் விருந்து மண்டபத்திலும் கசங்கிய சேலையோடு நிற்பது அவருக்கு ஒவ்வாது. அவருடைய எண்ணம் நல்லதே. ஆயினும் கப்பலிற் கொண்டுசெல்லத் தகாத பொருள்களுள் ஸ்திரிக்கைப் பெட்டியே முதன்மையானது. பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் அறைக்குள் ஸ்திரிக்கைப் பெட்டியோ, நீராவியால் துணியை நிமிர்த்தும் சிறு கருவியோ வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. கப்பலேறும்போது பெட்டிகளைச் சோதிப்போர் அதனை எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடிந்தபின் திருப்பிக் கொடுப்பர்.

இக்கட்டுப்பாடு காரணமின்றி வந்ததன்று. கடலில் நீருக்கு அஞ்சுவதைக் காட்டிலும் நெருப்புக்கு அஞ்சுதல் வேண்டும். தரையிலே வீடு தீப்பற்றினால் வாயிலைத் திறந்து தெருவுக்கு ஓடலாம். கப்பலில் ஓடுவதற்குத் தெரு இல்லை. 1998ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அமெரிக்காவின் மயாமித் துறையை விட்டுப் புறப்பட்ட 'எக்ஸ்டசி' என்னும் கப்பலில் தீ மூண்டது. அது தொடங்கிய இடம் கப்பலின் சலவை அறை. அங்கு நடைபெற்ற உலோக ஒட்டு வேலையின் பொறி, துணிகளிலிருந்து உதிர்ந்து சேர்ந்திருந்த பஞ்சுத் தூசியிற் பற்றியது. தீ காற்றுக் குழாய் வழியே பரவிக் கப்பலின் பின்புறத்திற் குவிந்திருந்த கயிறுகளையும் எரித்தது. உலர்ந்த துணித்தூசி எத்துணை எளிதிற் பற்றும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'ஸ்டார் பிரின்சஸ்' என்னும் கப்பலில் மற்றொரு தீ விபத்து நிகழ்ந்தது. அணையாத சிகரெட்டுத் துண்டிலிருந்து தோன்றியதெனக் கருதப்படும் அத்தீ, அறைகளின் வெளிமாடங்கள் வழியாக விரைந்து பரவியது. பயணி ஒருவர் உயிரிழந்தார். ஈரத் துணியை வெளிமாடத்தின் கம்பியிற் போடக் கூடாது என்று கப்பலார் தடுப்பதை இந்நிகழ்ச்சியோடு வைத்து நோக்க வேண்டும். காற்று துணியைப் பறித்துக் கடலில் எறியலாம். கீழ்த்தளத்து மாடத்தில் வீசலாம். எங்கிருந்தோ வரும் ஒரு பொறிக்கு அது விறகாகவும் ஆகலாம். ஆதலின், ஸ்திரிக்கைப் பெட்டியை வீட்டில் விட்டுச் செல்லும் தாய் தம் மதிப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. தம்மோடு பயணஞ் செய்யும் ஆயிரக்கணக்கானோரின் உயிருக்குத் தம்மாலான காவலைச் செய்கின்றார்.

இனி, கப்பலில் உள்ள வசதிகளைப் பார்க்கலாம். சில கப்பல்களிற் பயணிகள் தாமே துணி துவைத்து, உலர்த்தி, அழுத்திக்கொள்வதற்கெனப் பொது அறைகள் உண்டு. பாதுகாப்பான ஸ்திரிக்கைப் பெட்டியும் மேசையும் அவ்வறையிலேயே இருக்கும். வேறு பல கப்பல்களில் அவ்வசதி கிடையாது; துணிகளைப் பையிலிட்டுக் கொடுத்தால் பணம் பெற்றுக்கொண்டு வெளுத்துத் தருவர். ஒவ்வோர் உடுப்பிற்கும் தனிக் கட்டணம் பெறுவதும் உண்டு. பை நிறைய எவ்வளவு வைத்தாலும் ஒரே கட்டணமெனச் சில நாள்களில் அறிவிப்பதும் உண்டு. எவ்வகைக் கப்பல் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே பிள்ளைகளைக் கொண்டு விசாரித்து அறிதல் நன்று. கப்பற் சலவையில் வெந்நீரும் பெரும் பொறிகளும் பயன்படுகின்றன. ஆகையாற் பட்டுச்சேலை, சாயம் போகும் கைத்தறிச்சேலை, சரிகைக்கரை வேட்டி ஆகியவற்றை அப்பையில் இடலாகாது.

துணிகளை வெளுப்போர் கப்பலின் கீழ்த்தளத்திலே, பொறிகளின் வெப்பத்திடையே உழைப்பவர்கள். அவருட் பலர் ஆசிய நாடுகளிலிருந்து குடும்பத்தைப் பிரிந்து வந்தோர். பிறர் அழுக்கை நீக்கும் தொழிலைச் செய்தோரைத் தாழ்வாக நடத்திய பழைய வழக்கம் நம் சமுதாயத்திற்குப் பெருமை தருவதன்று. பையைக் கொடுக்கும்போது சட்டைப் பைகளை வெறுமையாக்கி, கறையுள்ள இடத்தைச் சுட்டிக்காட்டி, திரும்பப் பெறும்போது முகமலர்ந்து ஒரு நன்றி கூறுதல் பயணியின் கடமையாகும்.

கப்பலின் பணிகளுக்கெல்லாம் வேண்டிய நன்னீரை ஓரளவு துறைமுகங்களிற் பெறுகின்றனர். பெரும்பகுதியைக் கடல்நீரிலிருந்தே ஆக்குகின்றனர். கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கிக் குளிர்விப்பது ஒரு முறை. நுண்ணிய சவ்வின் ஊடாக அழுத்திச் செலுத்தி உப்பைப் பிரிப்பது மற்றொரு முறை. இவ்வாறு பெறும் நீர் மென்மையானது. வன்னிக் கிணறுகள் பலவற்றின் நீரோ வன்மையானது. அந்நீரிற் கரைந்துள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தோடு கூடித் தயிர்போலத் திரண்டு படிகின்றன. நுரை எழுவதற்கு நிரம்பத் தேய்க்க வேண்டியிருக்கிறது. அப்பழக்கத்தோடு கப்பல் நீரிலும் சவர்க்காரத்தைத் தாராளமாகப் பூசினால், நுரை பெருகி அலசி முடியாது. எஞ்சிய சவர்க்காரம் துணியை விறைப்பாக்கித் தோலையும் அரிக்கும். ஆகவே கப்பலில் வழக்கமான அளவிற் பாதியே போதுமென்று தொடங்குவது தக்கது.

கடல்நீரில் துணி துவைப்பது எவ்வகையாலும் பயன்தராது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. சாதாரண சவர்க்காரம் அதில் நுரைப்பதில்லை. தேங்காயெண்ணெயிலிருந்து செய்யும் சவர்க்காரம் உப்புநீரிலும் நுரைக்கும் இயல்புடையது. அதனாலேயே முற்காலக் கப்பலோட்டிகள் அதனைக் கடற் சவர்க்காரம் என்று விரும்பிப் பயன்படுத்தினர். ஆயினும் அழுக்கு நீங்கியபின் உப்பு துணியில் தங்கிவிடும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால் துணி என்றும் பிசுபிசுத்திருக்கும். கடலிற் குளித்த உடையை அன்றே நன்னீரில் அலச வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

கப்பலிற் கையால் துவைக்க விரும்புவோர் எல்லாவற்றையும் துவைக்க முற்படலாகாது. ஆறு யார் நீளமுள்ள பருத்திச் சேலையை முகங்கழுவும் சிறு தொட்டியில் அலசுவதும் ஒடுங்கிய குளிப்பறையில் உலர்த்துவதும் இயலாத செயல்கள். ஆனால் வியர்வை படுவது சேலையின் ஒரு பகுதியிலேதான். அதனை முழுவதும் ஏற்பவை இரவிக்கையும் உட்பாவாடையும் உள்ளுடுப்புகளுமாம். இவற்றை நாள்தோறும் துவைத்து, சேலையை இரவில் விரித்துக் காற்றாடவிட்டால், ஒரு சேலை இரண்டு மூன்று முறை உடுத்துதற்குத் தூயதாக இருக்கும். ஆண்களுக்கும் இதுவே முறை: உட்சட்டையை அன்றாடம் மாற்றினால் மேற்சட்டை நீடித்து உழைக்கும்.

துவைத்த உடுப்பை முறுக்கிப் பிழிவதோடு நிறுத்திவிட்டால் விடியும்வரை அது உலராது. காய்ந்த துவாயொன்றைக் கட்டிலின்மேல் விரித்து, அதன்மேல் ஈர உடுப்பை நேராக இட்டு, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோற் சுருட்டி, கைகளால் இறுக அழுத்த வேண்டும். துவாய் ஈரத்தின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் உடுப்பை உதறி, தையல்களை விரலால் நீவி, குளிப்பறையில் உள்ள கயிற்றில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் தொங்கவிடுதல் வேண்டும். கப்பலறைகளின் சுவர்கள் பெரும்பாலும் உருக்கினால் ஆனவை. ஆகவே காந்தக் கொக்கிகள் அவற்றிற் பற்றி நிற்கும். இரண்டு மூன்று கொக்கிகள் பெட்டியில் இருந்தால், குளிர்காற்று வீசும் பக்கத்தில் உடுப்பை உலர்த்தலாம்.

ஈரம் முற்றும் நீங்காத உடையை எக்காரணத்தாலும் உடுத்தலாகாது. வெப்பமும் ஈரமும் சேரும் உடலிடுக்குகளிலே பூஞ்சணம் பற்றிப் படரும். தொடையிடுக்கில் உண்டாகும் அத்தகைய படர்தாமரைக்கு ஆங்கிலேயர் 'டோபி அரிப்பு' என்றே பெயரிட்டனர். வெளுத்தவரின் மேற் பழியைச் சுமத்திய அப்பெயர் நேர்மையற்றது. ஈரம் காயாத உடையும் பிறருடைய துவாயைப் பயன்படுத்துதலும் அந்நோய் பரவ இடந்தருவனவாகும்.

கறைகளைப் பொறுத்தவரை காலமே மருந்து. குழம்பு சிந்தினால் தேய்க்காமல், கரண்டியால் மெல்ல எடுத்து, குளிர்ந்த நீரை உடனே விட வேண்டும். மஞ்சட் கறையிற் சவர்க்காரம் பட்டதும் அது சிவப்பாகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காரம் நீங்க அலசியதும் பழைய நிறம் மீளும். எஞ்சிய மஞ்சளை வெயில் வெளுத்துவிடும். இரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது. சூடு அதனை நூலோடு இறுக்கிவிடும். எண்ணெய்க் கறைக்கு இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் வேண்டும். பட்டில் எக்கறை பட்டாலும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஊருக்கு மீண்டபின் தக்கவரிடம் கொடுப்பதே அறிவுடைமை.

துணி கசங்குவதற்கும் காரணம் உண்டு. பருத்தி நாரின் நுண்துகள்கள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. வியர்வையோ நீராவியோ பட்டால் அப்பிணைப்புகள் தளர்கின்றன. மடிந்த நிலையில் உலரும்போது அம்மடிப்பிலேயே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. சுருக்கம் என்பது இதுவே. சூடும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்து அப்பிணைப்புகளை அவிழ்த்து, துணியைச் சமமாக நிறுத்தி, மீண்டும் பிணைப்பதே ஸ்திரிக்கைப் பெட்டியின் தொழில். இதை அறிந்தவருக்குப் பெட்டியில்லாமலே அத்தொழிலிற் பெரும்பகுதியைச் செய்துகொள்ள வழி தோன்றும்.

கசங்கிய சேலையைக் குளிப்பறையிலே தொங்கவிட்டு, வெந்நீரிற் குளித்து முடித்தால், அறையில் நிறைந்த நீராவி மடிப்புகளைத் தளர்த்தும். உடனே அதனை வெளியே கொண்டுவந்து, ஈரக் கையால் மேலிருந்து கீழாக நீவி, காற்றாடவிட வேண்டும். வேட்டியைச் சற்றே ஈரந் தெளித்து, ஓரத்தோடு ஓரம் பொருந்த மடித்து, மெத்தையின் கீழ் இட்டு உறங்கியெழுந்தால் மறுநாள் அது அழுத்தியதுபோல் இருக்கும். நம் மூத்தோர் பாயின் கீழும் தலையணையின் கீழும் வேட்டியை வைத்தது இந்த அறிவினாலேயே.

எல்லாவற்றிற்கும் மேலாகத் தெரிவு முக்கியம். கஞ்சியிட்ட பருத்திச்சேலை வீட்டில் அழகு. பெட்டிக்குள் மடிந்து மடிந்து முறியும். நைலெக்ஸ், பொலியெஸ்ரர் முதலிய செயற்கை நூற் சேலைகள் எளிதிற் கசங்கா, விரைவில் உலரும். பட்டு ஒன்று போதும். விருந்திரவுகளில் மேல்நாட்டார் கறுப்பு அங்கி அணிவர். அவரவர் நாட்டு உடையையும் பல கப்பல்கள் அவ்விருந்துக்கு உரியதாக ஏற்கின்றன. ஆதலின் பட்டுச்சேலையும் வேட்டி சால்வையும் அங்கே கூச்சத்திற்குரியன அல்ல. பெட்டியில் வைக்கும்போது மென்மையான உடுப்புகளைச் சுருட்டியும், சேலைகளை நீள மடித்து இடையே மெல்லிய தாள் இட்டும், காலணிகளைத் தனிப்பையில் அடைத்தும் வைத்தல் வேண்டும். பெட்டி தளர்ந்திருந்தால் உடுப்பு உருண்டு கசங்கும். மிகையாகத் திணித்தால் அழுந்திக் கசங்கும். பெருங் கப்பல்களிற் பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் செல்லும். ஆகவே மாற்றுடை ஒன்றும், மருந்தும், துவாயும் கைப்பையில் இருத்தல் இன்றியமையாதது.

ஏழு நாட் பயணத்திற்கு நான்கு சேலை, ஐந்து இரவிக்கை, மூன்று உட்பாவாடை, குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை ஆகியவை போதும். இவ்வளவு போதுமென்று வன்னித் தாயொருவரை இணங்கச் செய்தல் எளிதன்று. அதற்கும் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விசுவமடு மக்கள் போரினால் ஊரைவிட்டுக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். கையில் எடுத்த பையைப் பல இடங்களிற் கைவிட்டவர்கள், இறுதியில் உடுத்த உடையோடு முகாம்களுக்குச் சென்றனர். நீருக்கு வரிசையில் நின்று, கிடைத்ததில் ஒரு பங்கைக் குழந்தையின் சட்டைக்கு ஒதுக்கிய தாய்மார் அங்கு இருந்தனர். மாற்றுடை இல்லாத நாள்களை அறிந்தவர், பெட்டி நிறைய உடுப்பு வைக்க விரும்புவதை ஆடம்பரம் என்று எள்ளுதல் தகாது. "அம்மா, இவ்வளவு எதற்கு?" என்று கடிந்துகொள்ளும் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். வேண்டாத சேலையைப் பறித்து எடுப்பதைவிட, கப்பலிலேயே துவைத்துத் தருவதாகச் சொல்லி, சொன்னபடி ஓரிரவு தாயின் இரவிக்கையைத் துவாயிற் சுருட்டிப் பிழிந்து கொடுத்தால், அடுத்த பயணத்திற்கு அவருடைய பெட்டி தானே இலேசாகும்.

கடற்பயணத்தின் இன்பம் கடலைக் காண்பதிலும் உற்றாரோடு இருப்பதிலுமே உள்ளது. உடையைப் பற்றிய கவலையிலே நாள்களைக் கழிப்பவர் அவ்விரண்டையும் இழப்பர். அதனை அறவே பொருட்படுத்தாதவர் தம்மைச் சூழ்ந்தோருக்கு இடர் செய்வர். புறப்படுமுன் நல்ல தெரிவு, இரவில் அரைமணி நேரக் கைவேலை, கப்பலின் விதிகளுக்கு மதிப்பு ஆகிய மூன்றும் இருந்தால், விசுவமடுக் கிணற்றடியிற் பழகிய தூய்மையை நடுக்கடலிலும் குறைவின்றிக் காக்கலாம்.